நடுகல், கூத்து, பம்பை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 9, திங்கள் – தர்மபுரி

காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நிழலுக்குள் நகர்ந்தால் தை மாதக் குளிர் இன்னும் மிச்சமிருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கலையை எட்டச் செய்யும் வழிகளைப் பார்க்க வந்த பயணம் இது. முதல் வேலை கடைவீதி.

கை பலவீனமான குழந்தைகளுக்கான தூரிகைப் பிடியைச் சிறப்புக் கருவி என்ற பெயரில் வாங்கினால் விலை அதிகம். அதே வேலையைச் செய்யும் பொருள் ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கிறது. செம்புக் குழாய்மேல் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்சு உறை, ஆறடி நீளம் 60 ரூபாய். பத்து சென்டிமீட்டராக நறுக்கினால் பதினெட்டுப் பிடி வரும். துளை பெரிதாக இருப்பதால் தூரிகை உள்ளே ஆடும். காம்பின்மேல் பழைய சைக்கிள் டியூப் பட்டையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுழைத்தால் இறுகிவிடும். காம்பையும் 15 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட வேண்டும். நீளக் காம்பு கை ஆடும்போது இன்னும் அதிகமாக ஆடும், முகம் தாழ்த்தி வரையும் குழந்தையின் கண்ணில் குத்தவும் செய்யும். ஒன்று கவனிக்க வேண்டும்: தளர்ந்த கைக்குத்தான் தடித்த பிடி. விரல்கள் இறுக மடங்கியிருக்கும் கைக்குள் தடித்த பிடியைத் திணித்தால் வலிக்கும். அந்தக் கைக்கு உள்ளங்கையில் பட்டைத் துணியால் தூரிகையைக் கட்டிவிடுவது நல்லது.

கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னதும், "எங்க அக்கா பொண்ணுக்குப் பேனா நிக்காதுங்க. இதை மாட்டினா நிக்குமா?" என்றார். ஒரு துண்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டியூப் பட்டைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் ராகிக் களி, கீரைக் கடைசல், கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு, 60 ரூபாய். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். இரண்டாவது உருண்டைக்குத் தனிக் காசு இல்லை.

பிற்பகல், நகரின் ஓரத்தில் ஒரு பகல்நேர மையம். சுவர் முழுக்க ஓவியங்கள். மயில், தேசியக் கொடி, ஓட்டு வீடு. எல்லாம் கோட்டுக்குள் அடங்கிய வண்ணம், எல்லாம் ஒரே கை போட்டதுபோல. அப்படித்தான் நடந்திருக்கிறது. குழந்தையின் கையைப் பெரியவர் தன் கைக்குள் பொத்திப் பிடித்து வரைந்திருக்கிறார். அன்பால்தான் செய்கிறார்கள், பெற்றோர் பார்த்து மகிழட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தாளில் குழந்தை இல்லை. படிக்கட்டும் பணமும் பெரிய தடைகள்தான், ஆனாலும் மாற்றுத்திறன் குழந்தைக்கும் கலைக்கும் நடுவில் நிற்கும் முதல் தடை உதவ வரும் பெரியவரின் கைதான். உதவித்தான் ஆக வேண்டும் என்றால் கையை மாற்றி வைக்கலாம்: பெரியவர் கை கீழே, குழந்தையின் கை அதன்மேல். பிடிக்கவில்லையென்றால் குழந்தை தன் கையை எடுத்துவிட முடியும். அந்த ஒரு வசதிக்காகத்தான் இந்த மாற்றம்.

அதற்கு முன் உட்காரும் முறை. பாதம் தரையில் படாமல் தொங்கினால் இடுப்பு நிலைக்காது, இடுப்பு நிலைக்காவிட்டால் கை நிலைக்காது. காலடியில் இரண்டு செங்கல்லை அடுக்கிச் சாக்கு விரித்தோம். மேசை முழங்கை உயரத்துக்கு வந்தது. தாளின் நான்கு ஓரத்தையும் காகித டேப்பால் ஒட்டி, மேசையின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு பாக்ஸ் ஃபைலைச் செருகிச் சாய்வு கொடுத்தோம். கை நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு நடுக்கம் பாதியாகக் குறைந்ததை அங்கிருந்த பிசியோதெரபிஸ்டே சுட்டிக்காட்டினார்.

வண்ணத்துக்கு மைதாப் பசை. ஒரு கிண்ணம் மாவுக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், கட்டி தட்டாமல் காய்ச்சி ஆற வைத்துப் போஸ்டர் கலரைக் கலக்க வேண்டும். தண்ணீராக ஓடாது, தாளில் மேடு நிற்கும், பார்வை குறைந்த குழந்தைக்கு விரலில் தட்டுப்படும். இரண்டு நாளில் புளித்துவிடும், அதனால் அளவாகக் காய்ச்ச வேண்டும். பைண்டிங் கடையில் விற்கும் பசையை வாங்கவே கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு, வண்ணத்தை வாயில் வைக்கும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள்.

பேசாத குழந்தையிடம் எந்த வண்ணம் வேண்டும் என்று கேட்பது எளிது. இரண்டு புட்டிகளை ஒரு முழ இடைவெளியில் பிடித்து, பார்வை எதில் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். கடினம் காத்திருப்பதில் இருக்கிறது. மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தலையைத் திருப்பவே அவ்வளவு நேரம் பிடிக்கும். மூன்று எண்ணுவதற்குள் பெரும்பாலான பெரியவர்கள் தாங்களே ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய் – அதியமான்கோட்டை

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் சில கிலோமீட்டர். காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டம் நேற்றோடு வடிந்திருந்தது. விளக்கேற்றிய சாம்பல் பூசணித் துண்டுகள் ஓரத்தில் கிடந்தன. சக்கர நாற்காலியின் முன் சக்கரம் சிறியது, பூசணிச் சதையில் ஏறினால் வழுக்கும். கடைக்கார அம்மா ஒருவர் கேட்காமலேயே விளக்குமாற்றை எடுத்துவந்து வழி கூட்டிக் கொடுத்தார். பிறகு வண்டியைத் தள்ளவும் முன்வந்தார். எங்களோடு சக்கர நாற்காலியில் வந்திருந்த பெண், "நானே ஓட்டிக்குவேன்க்கா" என்றதும் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார். கேட்டுவிட்டு உதவுவது எப்படி என்று யாரும் அவருக்கு வகுப்பெடுத்திருக்க மாட்டார்கள்.

வந்த வேலை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்து (உட்கூரை) ஓவியங்களைப் பார்ப்பது. விதான ஓவியம் எங்கே இருந்தாலும் ஒரே சிக்கல். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கழுத்தும் தலையும் நிலைக்காத குழந்தையால் அது முடியாது. தலையைப் பின்னால் சாய்த்தால் உடல் முழுவதும் விறைத்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. தீர்வு மடியில் வைக்கும் கண்ணாடி. 45-க்கு 30 சென்டிமீட்டர் அக்ரிலிக் கண்ணாடி, விளிம்பில் துணி டேப். சாதாரணக் கண்ணாடி கனம், உடைந்தால் ஆபத்து. மடியில் மெல்லிய தலையணை, அதன்மேல் கண்ணாடி. குனிந்தபடியே மேலே இருப்பதைப் பார்க்கலாம். இடம் வலம் மாறித் தெரியும், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடியை நகர்த்துவது குழந்தையின் கையிலேயே இருந்தால், எந்த உருவத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதும் அவர்கள் முடிவாகிறது. ஓவியத்துக்கு ஃபிளாஷ் வெளிச்சம் போடக் கூடாது. வலிப்பு வரும் குழந்தைகள் உடன் இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது.

படிகளைப் பற்றி ஒரு கணக்கு. தானே தள்ளி ஏறும் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம். 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கே ஆறடிப் பலகை வேண்டும். மூன்று படிக்கு ஆறடிப் பலகையைப் போட்டுவிட்டுச் சாய்தளம் அமைத்துவிட்டோம் என்று சொல்லும் இடங்கள் ஏராளம். அதில் ஏறுவதைவிடத் தூக்கிச் செல்வது பாதுகாப்பு. பழங்கோயில்களில் நிலையான கட்டுமானத்தைச் சேர்க்க முடியாது, எடுத்துவிடக்கூடிய பலகையே வழி.

திரும்பும்போது தட்டுவடை செட், ஒரு தட்டு 30 ரூபாய். துருவிய பீட்ரூட் கை முழுக்கச் சாயம் ஏற்றியது.

பிப்ரவரி 11, புதன் – அரூர் சாலை

வழியெல்லாம் புளி உலுக்குகிறார்கள். மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டுகிறார்கள். புளியங்கொட்டை ஒரு பை கேட்டதற்கு, "கொட்டைக்குக் காசா? அள்ளிக்கங்க சாமி" என்று அரைச் சாக்கு கொடுத்துவிட்டார்கள். வழவழப்பு, கனம், கையில் கொட்டினால் நல்ல சத்தம். தொடு ஓவியத்துக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. விழுங்கும் பழக்கமுள்ள குழந்தைகளிடம் மட்டும் தரக் கூடாது.

இந்த வட்டாரத்தின் பெரிய செல்வம் நடுகற்கள். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள், பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு நிற்பவை உட்பட, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் நிற்கின்றன. பார்வையற்ற குழந்தைக்குக் கலை வரலாறு சொல்லித்தர எங்கே தொடங்குவது என்று கேட்டால், இங்கே என்று கை காட்டலாம். புடைப்புச் சிற்பம் என்பதே விரலுக்கு ஏற்ற வடிவம். வில்லின் வளைவு, ஓங்கிய குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, பின்னால் மாடுகள் எல்லாம் தொட்டால் தெரியும்.

தொடுவதற்கும் ஒழுங்கு உண்டு. பாதுகாக்கப்பட்ட கற்களையும் எழுத்துள்ள கற்களையும் தேய்க்கக் கூடாது. வியர்வையும் எண்ணெயும் கல்லைக் கெடுக்கும். ஊரார் கும்பிடும் கல்லென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். இங்கே கேட்டோம். ஊர்ப் பெரியவர் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து குழந்தைகளின் கையைக் கழுவிவிட்டு, "தொட்டுக் கும்பிடு கண்ணு, நம்ம வேடியப்பன்தான்" என்றார். நடுகல் வீரனை இந்தப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். இரண்டு கையாலும் மேலிருந்து கீழே முதலில் முழு உருவத்தையும் ஒரு முறை தடவிவிட வேண்டும், அப்புறம்தான் நுணுக்கம். நேராக வில்லில் விரலை வைத்துவிட்டால் அது யாருடைய வில், உடம்பில் எங்கே இருக்கிறது என்பது பிடிபடாது. கூட இருப்பவர், "இதோ கை, இதோ வாள்" என்று சொல்லிக்கொண்டே போகாமல், குழந்தை கேட்கும்போது மட்டும் சொன்னால் போதும். பத்து வயதுப் பையன் ஒருவன் முதலில் கேட்டது, "இவருக்கு ஏன் செருப்பு இல்லை?"

கல்வெட்டைத் தொட மைப்படி நல்ல வழி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, முடித்தூரிகையால் அடித்து, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மை ஒற்றாமல் தடித்த தாளை இரண்டு மடிப்பாக வைத்து அடித்துக் காய வைத்தால் பள்ளங்கள் தாளின் பின்பக்கம் மேடாக நிற்கும். வட்டெழுத்தை விரலால் தொடரலாம். பாதுகாக்கப்பட்ட கல்லாக இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். காற்று அடித்தால் தாள் ஓரம் தூக்கிக்கொள்ளும். இன்று அதுதான் நடந்தது. பதினொரு மணிக் காற்றில் முதல் தாள் கிழிந்தது. விடிகாலையே ஏற்ற நேரம்.

பிற்பகல் குயவர் வீட்டு மண்ணில் நடுகல் செய்தல். ஆளுக்கு ஒரு கிலோ மண், அதோடு ஒரு கைப்பிடி சலித்த மணல். மணல் இல்லாவிட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஈரச் சாக்கின்மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிப் பலகையாக்கி, உருவத்தைத் தனி மண்ணில் பிடித்து, ஒட்டும் இடம் இரண்டையும் கீறி, குழைத்த சேற்றைத் தடவி அழுத்த வேண்டும். கீறாமல் ஒட்டினால் வீரன் இரண்டு நாளில் கல்லைவிட்டுக் கழன்றுவிடுவான். நிழலில் ஒரு வாரம் காய வேண்டும், வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து வளையும்.

யாருக்கு நடுகல் என்பதைக் குழந்தைகளிடமே விட்டோம். செங்கம் அருகே எடுத்தனூரில், எசமானின் பக்கத்தில் கோவிவன் என்ற நாயையும் பெயரோடு செதுக்கிய பல்லவர் காலக் கல் இருப்பதைச் சொன்னதும், பாதிப் பேர் நாய் செய்யத் தொடங்கினார்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு படிநிலைகள் ஆறு வகுப்புகளுக்கான பாடத்திட்டமாகவே அமைகின்றன: கல் தேடுதல், நாள் குறித்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், பாடுதல். மண் தொட அருவருக்கும் குழந்தை கல் தேடலாம். கை அசையாத குழந்தை பாட்டில் சேரலாம்.

பிப்ரவரி 12, வியாழன் – பென்னாகரம் பக்கம்

கூத்து வாத்தியார் வீட்டு முற்றம். பங்குனி பிறந்தால் அவர்களுக்கு ஓய்வு இருக்காது, அதனால் இப்போதே வரச் சொல்லியிருந்தார். டீயும் வேர்க்கடலையும் வந்தன. இரவு சாமைச் சோறும் அவரைக் குழம்பும். பணம் கொடுக்க எடுத்த கையை வாத்தியார் மனைவி அப்படியே மூடிவிட்டார்.

தெருக்கூத்தை மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஏற்றபடி செய்ய வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை என்று நாங்கள் நம்புகிறோம். கட்டியங்காரன் இருக்கிறானே. யார் வருகிறார், எந்த நாட்டு அரசன், என்ன கோலத்தில் வருகிறான் என்று சபைக்குச் சொல்வதே அவன் தொழில். பார்வையற்றவருக்கு நிகழ்ச்சியை வாய்வழி விவரிப்பவர் செய்யும் வேலையும் அதுவே. வாத்தியாரிடம் கேட்டது இரண்டு சேர்க்கைதான். ஒன்று, வண்ணமும் அசைவும்: "செக்கச் சிவந்த முகமும் தோளில் புஜகட்டையுமாகத் துரியோதன மகாராஜா மூன்று சுற்றுச் சுற்றி வலப்பக்கம் நிற்கிறார்." இரண்டு, நேரம்: பாட்டின்மேல் பேசக் கூடாது, அடவு முடிந்து தாளம் இறங்கும் இடைவெளியில் சொல்ல வேண்டும். அவர் அரைமணி நேரத்தில் அதை நகைச்சுவையோடு கோத்துவிட்டார். பார்வை உள்ளவர்களும் கேட்டுச் சிரித்தார்கள்.

கூத்துக்கு முன் தொடு நேரம், முக்கால் மணி. கிரீடம், மார்புப் பதக்கம், புஜகட்டைகள், சலங்கை. கட்டைகளைக் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறார்கள், தொட்டுத் தூக்கிப் பார்க்கும் குழந்தை அந்த எடைக்கே வியக்கிறது. ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகளின் விளிம்பை முன்கூட்டியே விரலால் சோதித்து, கூரான இடத்தில் மெழுகு வைக்க வேண்டும். ஒவ்வொரு கூத்தாடியும் தன் சலங்கையை ஆட்டிப் பெயர் சொல்ல வேண்டும், பிறகு ஆட்டத்தில் யார் எந்தப் பக்கம் போகிறார் என்பதைக் காதே சொல்லிவிடும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அச்சம் தருவது திரையை விலக்கி வேடம் பாய்ந்து வரும் நொடி. தாளம் உச்சத்தில் இருக்கும், முகம் அந்நியமாக இருக்கும். அதற்கு மருந்து ஒப்பனையைப் பார்க்க வைப்பது. சாதாரண முகத்தில் அரிதாரம் ஏறி, புருவம் தீட்டி, கண்ணைச் சுற்றிக் கோடு விழுவதை முதலிலிருந்து பார்த்த குழந்தைக்கு உள்ளே இருப்பது அதே மாமாதான் என்று தெரியும். வரிசையைக் காட்டும் ஐந்தாறு படச் சீட்டுகளும் வேண்டும்: ஒப்பனை, தாளம், திரை, ராஜா, சண்டை, வீட்டுக்குப் போகிறோம். கடைசிச் சீட்டு முக்கியம். முடிவு எப்போது என்று தெரியாததுதான் பல குழந்தைகளை நிலைகுலைய வைக்கிறது. விடிய விடிய நடக்கும் கூத்திலிருந்து நாற்பது நிமிடப் பகுதியைத் தேர்ந்தார்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள், முற்றத்துக்கு வெறுங்குரலே போதும். எழுந்து நடப்பது, கத்துவது, வெளியே போய்த் திரும்புவது எல்லாவற்றுக்கும் முன்பே அனுமதி என்று கட்டியங்காரனே அறிவித்தான்.

மணலில் சக்கர நாற்காலி புதையும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளைப் பாதையாகப் போட்டு, இணைப்பில் சாக்கு வைத்து ஆணி அடித்தோம். நாற்காலிகள் முன்வரிசைக்கு வர வேண்டும். ஓரத்தில் நிறுத்தும் வழக்கம் உண்டு, அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரரின் முதுகே தெரியும்.

எட்டரை மணிக்கு மின்சாரம் போனது. மற்றவர்களுக்குத் தாளம் இருந்தது, காது கேளாத பிள்ளைகளுக்கு எல்லாமே நின்றுவிட்டது. சைகையில் சொன்னவரின் கை தெரியவில்லை. பெட்ரோமாக்ஸ் வருவதற்குள் இரண்டு செல்போன் வெளிச்சத்தை அவர் முகத்திலும் கையிலும் படும்படி பிடித்தார்கள், கூத்தும் அதுவரை காத்திருந்தது. சைகை மொழிபெயர்ப்பாளருக்கென்று பேட்டரி விளக்கு தனியாக வேண்டும். ஆட்டக்களத்துக்குப் பக்கத்திலேயே, தோல் நிறத்திலிருந்து வேறுபடும் ஒரே நிறச் சட்டையோடு நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் பிள்ளைகள் தலையைத் திருப்பித் திருப்பி இரண்டையும் இழப்பார்கள்.

பிப்ரவரி 14, சனி – காவேரிப்பட்டணம்

வழியில் மாந்தோப்பெல்லாம் பூத்திருக்கிறது. மயானக் கொள்ளைத் திருவிழா நெருங்கிவிட்டதால் ஊருக்குள் எங்கோ பம்பை மேளம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. விலையும் ஏறியிருக்கிறது: சாதாரண நாளில் 80 ரூபாய் வாங்கும் தூரத்துக்கு ஆட்டோ 150 கேட்டது. மடக்கிய சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஓட்டுநர் தாமாகவே நூறு போதும் என்றார்.

காது கேளாத பிள்ளைகளுக்கு இசை இல்லை என்பது தவறான எண்ணம். அதிர்வு கேட்கும், உடம்பால். ஆனால் சிமெண்டுத் தரை அதிர்வைப் பாதத்துக்கு அவ்வளவாகக் கடத்தாது. வகுப்பறைத் தரையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பறை அடித்துவிட்டு, ஒன்றும் பயனில்லை என்று கைவிட்டவர்கள் பலர். தேவை உள்ளீடற்ற மரமேடை. இரண்டுக்கு இரண்டு அங்குல ரீப்பர் சட்டம், ஆறடிக்கு நாலடி, மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு. நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று, நிறையப் போட்டால் பலகை இறுகி அதிர்வு செத்துவிடும். மரம் உட்படச் செலவு இங்கே மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஏற வேண்டும். பம்பைக்காரர் அதே பலகையில் உட்கார்ந்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு உருளைகளும் பலகையைத் தொடும்படி வைத்து வாசித்தார். தாழ்ந்த ஒலி பாதத்தில் ஏறும், கூர்மையான ஒலி மார்பில் அணைத்துப் பிடித்த வெற்று எண்ணெய் டின்னில் தெரியும். பறையை நெருப்பில் காய்ச்சக் காய்ச்சத் தோல் இறுகிச் சுருதி ஏறும். காதுக்கு அது நல்லது, பாதத்துக்குக் காய்ச்சாத தோலே நல்லது.

காதுக்கருவி போட்ட பிள்ளைகள் ஒலியைக் குறைத்துக்கொள்ளவோ கருவியைக் கழற்றிவைக்கவோ சொல்லித்தர வேண்டும். பலத்த மேளம் கருவிக்குள் வலியாக மாறும். எண்ணிக்கைக்கு வாய்ச்சொல் உதவாது: வாசிப்பவர் கையை உயர்த்தி இறக்கும் அசைவைப் பார்த்துத்தான் சேர்ந்து அடிப்பார்கள், அதனால் அரைவட்டமாக உட்கார வைக்க வேண்டும். கால்மணி நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே நடையில் விழுந்தார்கள். பம்பைக்காரர் நிறுத்தியும் அவர்கள் நிறுத்தவில்லை. "தாளம் உள்ள புகுந்துருச்சுங்க" என்றார் அவர். அடுத்த சனிக்கிழமையும் வருவதாக அவராகவே சொன்னார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 29-ஆவது பிரிவு கலையை அணுகத்தக்கதாக்குவதையும், மாற்றுத்திறன் கலைஞர்களுக்கு ஆதரவு தருவதையும், கலைப் படிப்புகளை அவர்களும் சேரும்படி மாற்றியமைப்பதையும் அரசின் கடமையாகச் சொல்கிறது. வகுப்பில் கலை நேரத்தைப் பயிற்சிச் சிகிச்சைக்குக் கொடுத்துவிடும்போது இந்தப் பிரிவை எடுத்துக் காட்டலாம். சிகிச்சை வேண்டும்தான். அதற்காகக் கலையை இழக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு – தேன்கனிக்கோட்டை

விடிகாலையில் மூடுபனி, சால்வை இல்லாமல் டீக்கடை வாசலில் நிற்க முடியவில்லை. டீ 12 ரூபாய், இரண்டாவது டம்ளரும் உடனே வேண்டியிருந்தது. நேற்றிரவு பசை தடவி வைத்த தொடு ஓவியங்கள் காயவில்லை. ஃபெவிகால் கோடு சமவெளியில் ஓர் இரவில் இறுகிவிடும். இந்தக் குளிரிலும் ஈரக்காற்றிலும் மறுநாள் உச்சி வெயில் வரை பாலாகவே இருக்கிறது. மலைப்பக்கம் வருபவர்கள் கோட்டுக்குத் தடித்த நூலைப் பசையில் தோய்த்து ஒட்டுவது மேல்.

சிவராத்திரி விரதம் என்பதால் சென்ற வீட்டில் பாட்டி சாப்பிடவில்லை. எங்களுக்கு மட்டும் ராகி முத்தையும் கொள்ளுச் சாறும் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து இன்னும் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு வர இயலாமல் வீட்டிலிருந்தே கற்கும் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். பாடமும் உடற்பயிற்சியும் நடக்கின்றன. கலைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது ஆசிரியரைப் பொறுத்தது. இந்தப் பகுதியில் வீட்டு மொழி கன்னடமாகவோ தெலுங்காகவோ இருப்பது சாதாரணம். பேசாத பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லோடு படப் பலகை (படத்தைத் தொட்டுக் காட்டி வேண்டியதைச் சொல்லும் பலகை) கொடுத்தால் வீட்டில் அதைப் படிக்கவும் சொல்லவும் ஆளிருக்காது. படத்தின் கீழே வீட்டு மொழிச் சொல்லைத் தமிழ் எழுத்திலோ கன்னட எழுத்திலோ வீட்டார் படிக்கிறபடி எழுத வேண்டும். "இன்னும் வேண்டும்", "போதும்", "வேறு வண்ணம்", "நானே" என்ற நான்கும் கலைக்குக் கட்டாயம். பொதுவாகக் கிடைக்கும் பலகைகளில் சோறு, தண்ணீர், கழிவறை மட்டும் இருக்கும்.

பன்னிரண்டு வயதுப் பெண். பார்வை மிகக் குறைவு, வலக்கை மட்டும் இயங்கும். வாசலில் அம்மா போடும் சிக்குக் கோலத்தைத் தானும் போட வேண்டும் என்பது அவள் ஆசை. இதற்குக் கோலப் பலகை. 12 மில்லிமீட்டர் பிளைவுட், ஒன்றரை அடிச் சதுரம், மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐந்துக்கு ஐந்து புள்ளி. புள்ளிக்குப் பதில் தலையில்லாத ஆணி, மேலே ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கும்படி. அதைவிடக் குறைந்தால் கம்பளி நூல் நழுவும், கூடினால் கை இடிக்கும். நூல் கறுப்பு, பலகைக்கு மஞ்சள் பெயிண்ட், பளபளப்பில்லாத வகை. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் மிச்சப் பார்வைக்கு நன்றாகத் தெரியும், பளபளப்பு இருந்தால் வெளிச்சம் தெறித்து எல்லாம் அழியும். சன்னல் அவள் முதுகுப் பக்கம். பலகையின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, ஒரு கைக்காரருக்கு இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. நூல் உருண்டை ஓடாமலிருக்க ஒரு கிண்ணத்துக்குள்.

முதல் சுற்றில் நூல் தளர்ந்தது. அம்மா இழுத்துச் சரிசெய்யக் கை நீட்டினார். "பிடம்மா, நானே" (விடும்மா, நானே) என்று கன்னடத்தில் ஒரு அதட்டல். அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் நூல் ஒரு புள்ளியைத் தவறவிட்டிருந்தது. விரலால் சுற்றிவந்து அவளே அதைக் கண்டுபிடித்து, ஒன்றைத் திருத்தி மற்றதை அப்படியே விட்டாள். அந்த இடத்தில்தான் கோலம் அழகாக இருக்கிறதாம்.

பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து இதே பலகை வேண்டும் என்றார்கள், அவர்களுக்குக் குறைபாடு எதுவும் இல்லை. அப்பா தச்சு வேலைக்காரர். அளவுகளைத் தீப்பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டார். ஆணி முனைகளை அரம் போட்டு மழுக்கி, மேலே சைக்கிள் வால்வு டியூப்பைச் சிறு துண்டாக வெட்டி மாட்டச் சொன்னோம். வால்வு டியூப் ஊரிலேயே கிடைக்கும், மீட்டர் பத்து ரூபாய்.